முடிவு யாருடையது? நிலைலென்ஸ் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் வரலாறும் ஒரு தேர்வும்

1962 பிப்ரவரி 20 அன்று ஜான் கிளென் ‘ஃபிரெண்ட்ஷிப் 7’ விண்கலத்தில் பூமியை மூன்று முறை வலம்வந்தார். அவரோடு இரண்டு கேமராக்கள் சென்றன. ஒன்று, புறஊதா நிறமாலையைப் பதிவுசெய்வதற்கென மாற்றியமைக்கப்பட்ட லைக்கா. மற்றொன்று, ஃபுளோரிடாவின் கோக்கோ பீச் பகுதியில் மருந்துக் கடையொன்றில் கிளென் தாமே வாங்கிய ‘அன்ஸ்கோ ஆட்டோசெட்’. பெயர் மட்டுமே அமெரிக்கப் பெயர்; கருவி ஜப்பானின் மினோல்டா நிறுவனம் தயாரித்த ‘ஹை-மேட்டிக்’. கனத்த கையுறையோடு இயக்கவேண்டியிருந்ததால் அதற்குத் துப்பாக்கிப் பிடி போன்றதொரு கைப்பிடி பொருத்தப்பட்டது. தலைக்கவசத்தை அணிந்தபடியே பார்ப்பதற்காகக் கேமரா தலைகீழாக்கப்பட்டது. ஒளியின் அளவைத் தானே கணித்துக்கொள்ளும் கருவி என்பதே அது தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான முதன்மைக் காரணம்.

ஒளிப்படக்கலையின் வரலாறு பெரும்பாலும் லைக்காவைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளது. கார்த்தியே-பிரெசோன் போன்ற பெருங்கலைஞர்கள் கையாண்ட கருவி என்பதால் அதற்கு அந்த இடம் கிடைத்தது. லென்ஸைக் கழற்ற இயலாத, நடுத்தரக் குடும்பங்கள் சேமித்து வாங்கிய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள் அந்நூல்களில் ஓர் அடிக்குறிப்பைத் தாண்டுவதில்லை. ஆனால் 1960, 1970களில் உலகின் பல பகுதிகளில் பிறந்தநாள்களையும் திருமணங்களையும் கடற்கரைப் பயணங்களையும் பதிவுசெய்தவற்றுள் இக்கருவிகளின் பங்கு பெரிது. அண்மைக்காலத்தில் படச்சுருளுக்குத் திரும்பியுள்ள இளைய தலைமுறை இவற்றைப் பழைய பொருள் கடைகளில் தேடி வாங்குகிறது. ‘இவற்றுள் சிறந்தது எது?’ என்ற கேள்வி அங்கே ஓயாமல் எழுகிறது. வழக்கமாக லென்ஸின் ஒளித்துளை அளவையும் விலையையும் ஒப்பிட்டு அதற்கு விடை கூறுவர். அக்கேள்விக்குள் ஒரு வரலாற்றுக் கேள்வியும் உறைந்திருக்கிறது: ஒரு படத்தை எடுக்கும்போது எந்த முடிவை மனிதர் எடுக்க வேண்டும், எதை இயந்திரத்திடம் விடலாம்? ஒவ்வொரு கேமராவும் அதற்குத் தரப்பட்ட ஒரு விடை.

முதலில் கருவியின் இயக்கம். ரேஞ்ச்ஃபைண்டர் என்பது முக்கோண அளவியலைக் கையடக்கமாக்கிய ஓர் ஏற்பாடு. கேமராவின் முகப்பில் சற்று விலகி இரண்டு சாளரங்கள் உள்ளன. ஒன்றின் வழியாகக் கண் நேரடியாகக் காட்சியைக் காண்கிறது. மற்றொன்றின் வழியாக வரும் பிம்பம் ஒரு சிறு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, பாதி ஒளியை மட்டும் பிரதிபலிக்கும் இன்னொரு கண்ணாடியின் உதவியால் முதல் காட்சியின் நடுவே மங்கலான ஒரு கட்டமாகப் படிகிறது. லென்ஸைத் திருகும்போது அந்தச் சிறு கண்ணாடியும் நுண்ணளவில் திரும்புகிறது. இரண்டு பிம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும் கணத்தில் தொலைவு கணிக்கப்பட்டுவிட்டது. படமும் தெளிவாக விழும்.

லென்ஸைக் கழற்ற முடியாதபடி பொருத்தியது ஒரு குறையாகத் தோன்றலாம். உண்மையில் விலைக்குறைப்பின் அடிப்படையே அதுதான். ஒரே லென்ஸ் என்பதால் தொலைவுகாணும் பொறியை அந்த ஒன்றுக்கு மட்டும் இசைவித்தால் போதும். படச்சுருளுக்கு முன்னால் ஓடும் விலையுயர்ந்த திரை ஷட்டர் தேவையில்லை. மெல்லிய உலோக இதழ்கள் விரிந்து மூடும் இதழ் ஷட்டரை லென்ஸுக்குள்ளேயே அமைத்துவிடலாம். இதழ் ஷட்டரின் ஓசை மிகக் குறைவு. ஃப்ளாஷ் விளக்கை எந்த வேகத்திலும் அதனோடு பயன்படுத்தலாம். அதன் எல்லை, பெரும்பாலும் வினாடியில் 500இல் ஒரு பங்குக்கு மேல் விரையாது என்பதே.

இக்கருவியின் முன்வரலாறு ஜப்பானுக்கு வெளியே தொடங்குகிறது. லென்ஸோடு இணைந்தியங்கும் ரேஞ்ச்ஃபைண்டரைக் கொண்ட முதல் கேமரா 1916இல் கோடாக் வெளியிட்ட ‘3ஏ ஆட்டோகிராஃபிக் ஸ்பெஷல்’. அஞ்சலட்டை அளவில் படமெடுத்த அம்மடிப்புக் கேமராவும் நிலைலென்ஸ் கொண்டதே. 1925இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவில் ரேஞ்ச்ஃபைண்டர் இல்லை. 1932இல்தான் அது லைக்காவின் உடலோடு இணைந்தது. 1934இல் கோடாக்கின் ஸ்டுட்கார்ட் தொழிற்சாலையிலிருந்து வந்த ‘ரெட்டினா’வோடு, ஆயத்த உறையிலிட்ட 35 மி.மீ. படச்சுருள் அறிமுகமாயிற்று. இருட்டறையில் சுருளை வெட்டி உறையிலிடும் வேலை ஒழிந்ததால் சிறிய கேமரா பொதுமக்களின் கைக்கு வந்தது. 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ‘வோய்க்லெண்டர்’, ‘சைஸ் ஐகான்’ நிறுவனங்கள் இவ்வகையில் அழகிய கருவிகளைச் செய்தன. அவற்றில் ஒளியளவை, ஒளித்துளை, ஷட்டர் வேகம், தொலைவு ஆகிய அனைத்தையும் படமெடுப்பவரே கணிக்கவேண்டும். குடும்பத்தலைவர் ஒருவர் அக்கலையைக் கற்றுத்தேர்ந்திருந்தால் மட்டுமே படம் விழும்.

போருக்குப் பிந்திய ஜப்பானில் கேமரா ஓர் ஏற்றுமதிப் பொருளாக வளர்ந்தது. மூலப்பொருள் குறைவாகவும் நுண்தொழில் திறன் மிகுதியாகவும் தேவைப்பட்ட தொழில் அது. ‘மலிவான ஜப்பானியப் பொருள்’ என்ற அவப்பெயரைத் துடைப்பதற்காக 1954இல் ஜப்பான் கேமரா ஆய்வு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. சோதனையில் தேறிய கேமராக்களின் மேல் ஒட்டப்பட்ட பொன்னிற நீள்வட்டச் சீட்டு இன்றும் பல பழைய கேமராக்களில் உரியாமல் இருக்கிறது.

திருப்புமுனை 1961 ஜனவரியில் வந்தது. அதுவரை கேனான் உயர்விலைக் கேமராக்களையே தயாரித்துவந்தது. தாங்கள் உருவாக்கும் கேமராவைத் தங்கள் சம்பளத்தில் தாங்களே வாங்க முடியவில்லை என்ற அதன் இளம் ஊழியர்களின் குறையிலிருந்தே ‘கேனானெட்’ பிறந்தது என்பது அந்நிறுவனம் பதிவுசெய்துள்ள வரலாறு. எஃப் 1.9 அளவிலான பெரிய ஒளித்துளை, ரேஞ்ச்ஃபைண்டர், தானியங்கி ஒளியளவு ஆகிய மூன்றும் சேர்ந்து விலை 18,800 யென். ஒரு வாரத்துக்கென ஒதுக்கிய சரக்கு ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில் தீர்ந்தது. இரண்டரை ஆண்டுகளில் பத்து இலட்சம் கேமராக்கள் விற்றன. லென்ஸைச் சுற்றித் தேன்கூடு போல் பதிக்கப்பட்ட செலினியம் மின்கலமே ஒளியை அளந்தது. அதற்குத் தனி மின்கலம் வேண்டியதில்லை. படமெடுப்பவர் ஷட்டர் வேகத்தைத் தேர்ந்தால், அதற்கேற்ற ஒளித்துளையை இயந்திரம் தேர்ந்தது.

இந்த வெற்றி ஜப்பானிய நிறுவனங்களிடையே பத்தாண்டுப் போட்டியைத் தொடங்கிவைத்தது. முடிவெடுக்கும் உரிமையை மனிதருக்கும் இயந்திரத்துக்கும் எவ்வாறு பங்கிடுவது என்பதில் மூன்று வேறுபட்ட வழிகள் உருவாயின.

முதல் வழி கேனானெட்டுடையது. 1972இல் வெளிவந்த ‘கேனானெட் கியூ.எல். 17 ஜி-3’ அதன் முதிர்ந்த வடிவம். 40 மி.மீ., எஃப் 1.7 லென்ஸ், 620 கிராம் எடை. மனிதர் ஷட்டர் வேகத்தைத் தீர்மானிப்பார். இயந்திரம் ஒளித்துளையைத் தீர்மானிக்கும். ஓடும் குழந்தையை உறையவைக்க வேண்டுமென்றால் வேகத்தைக் கூட்டினால் போதும். தானியங்கி முறையை விலக்கிவிட்டு இரண்டையும் கையால் அமைக்கவும் வழியிருந்தது. மின்கலம் தீர்ந்தாலும் ஷட்டர் இயங்கும். ஒளிமானி மட்டும் உறங்கிவிடும்.

இரண்டாம் வழி யாஷிகாவுடையது. 1949இல் நாகானோ மாகாணத்தில் மின்கடிகார உறுப்புகளைச் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அது. 1966இல் அது வெளியிட்ட ‘எலக்ட்ரோ 35’ நேரத்தை அளக்கும் பொறுப்பைப் பற்சக்கரங்களிடமிருந்து மின்சுற்றுக்கு மாற்றியது. மனிதர் ஒளித்துளையைத் தேர்வார். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மின்சுற்று முடிவுசெய்யும். 30 வினாடி முதல் 500இல் ஒரு பங்கு வரை எந்த இடைப்பட்ட நேரமும் அதற்கு இயலும். இரவுத் தெருவையும் மெழுகுவத்தி ஒளியையும் கணக்கேதுமின்றிப் படமெடுக்க முடிந்தது பொதுப்பயனாளருக்குப் புதிய அனுபவம். உடலில் பொறிக்கப்பட்ட அணுச்சின்னம் அக்காலத்தின் மின்னணு நம்பிக்கைக்குச் சான்று. ஆனால் தான் எந்த வேகத்தைத் தேர்ந்தது என்பதை அது சொல்வதில்லை. ஒளி மிகுந்தால் சிவப்பு விளக்கும், ஷட்டர் மெதுவாக இயங்குமென்றால் மஞ்சள் விளக்கும் எரியும், அவ்வளவே. மின்கலம் தீர்ந்தால் 500இல் ஒரு பங்கு என்ற ஒரே வேகத்தில் மட்டுமே அது இயங்கும்.

மூன்றாம் வழியில் இரண்டு முடிவுகளையும் இயந்திரமே எடுத்தது. 1968இல் வந்த ‘கோனிகா சி35’ அதன் தெளிவான எடுத்துக்காட்டு. மங்கலான ஒளியில் எஃப் 2.8, வினாடியில் 30இல் ஒரு பங்கு. கடும் வெயிலில் எஃப் 14, 650இல் ஒரு பங்கு. இடையிலுள்ளவை அனைத்தும் ஒரே கோட்டில் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன. 400 கிராமுக்கும் குறைந்த எடை. 1964இல்தான் ஜப்பானியருக்கு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணம் திறந்துவிடப்பட்டிருந்தது. அந்தப் புதிய பயணிகளை நோக்கி ‘ஜர்னி கோனிகா’ என்ற செல்லப்பெயரில் அது விற்கப்பட்டது. படமெடுப்பவருக்கு எஞ்சியிருந்த வேலை, இரண்டு பிம்பங்களைப் பொருத்திப் பொத்தானை அழுத்துவது மட்டுமே.

மூன்று வழிகளிலும் பொதுவாக இருந்தவையும் கவனத்துக்குரியவை. 35 மி.மீ. படச்சட்டத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மி.மீ. இக்கேமராக்களின் குவியத்தூரம் பெரும்பாலும் 38 முதல் 45 மி.மீ.க்குள் அடங்கியது, எனவே அவற்றின் பார்வை விரிந்ததாகவும் இல்லை, குறுகியதாகவும் இல்லை. அடுத்தது, நெருங்கும் எல்லை. எலக்ட்ரோவிலும் கேனானெட்டிலும் 0.8 மீட்டர், இவ்வகைச் சிறு கேமராக்களில் அதைவிடச் சற்று மிகுதி. அதைவிட நெருங்கினால் முகம் தெளிவற்றுப்போகும். அக்காலக் குடும்பத் தொகுப்புகளில் முகம் மட்டும் சட்டத்தை நிறைக்கும் படங்கள் அரிதாக இருப்பதற்கும், மனிதர்கள் தங்கள் வீட்டு முற்றத்தோடும் நாற்காலியோடும் வாசற்படியோடும் சேர்ந்தே பதிவாகியிருப்பதற்கும் பண்பாட்டுக் காரணங்களோடு இந்த எல்லையும் ஒரு காரணம். குடும்ப ஒளிப்படத்தைச் சமூக வரலாற்றின் சான்றாகப் படிக்கும் ஆய்வாளர், அதில் தெரியும் இடைவெளியை ‘மரியாதை’ என்றோ ‘கூச்சம்’ என்றோ விளக்குமுன் அதை எடுத்த கருவியின் எல்லையைக் கேட்டறிவது நல்லது. கல்வெட்டைப் படிப்பவர் கல்லின் தன்மையை அறிந்திருப்பது போன்றதே இது.

இந்தியச் சூழலில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய அப்பத்தாண்டுகளில் உள்நாட்டில் எளிதாகக் கிடைத்தது, பரோடாவில் தயாரான ‘அக்ஃபா கிளிக் 3’ போன்ற பெட்டிக் கேமராதான். 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் கறுப்பு வெள்ளைப் படச்சுருளை நாட்டுக்குள்ளேயே தயாரித்தது. ஜப்பானிய ரேஞ்ச்ஃபைண்டர் பெரும்பாலும் வெளிநாடு சென்று திரும்பியவரின் பெட்டியில்தான் வந்தது. எனவே ஒரு தொகுப்பில் சதுரப் படங்கள் நின்று நீள்சதுரப் படங்கள் தொடங்கும் இடம், அக்குடும்பத்தின் வரலாற்றில் ஒரு பயணத்தையோ ஓர் உறவையோ வருமான மாற்றத்தையோ சுட்டக்கூடும். ஆவணக்காப்பகங்கள் படத்தின் பின்னால் எழுதப்பட்ட பெயரைப் பதிவதோடு, எதிர்ச்சுருளின் அளவையும் கேமராவின் வகையையும் பதிந்தால் அத்தகைய வாசிப்புகளுக்கு வழி பிறக்கும்.

இக்கேமராக்களின் பொற்காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1976இல் வெளிவந்த ‘கேனான் ஏஇ-1’ கழற்றி மாற்றும் லென்ஸ் கொண்ட எஸ்.எல்.ஆர். கேமராவைத் தானியங்கியாகவும் வாங்கத்தக்க விலையிலும் தந்தது. மறுபுறம், 1977இல் ‘கோனிகா சி35 ஏஎஃப்’ தொலைவையும் தானே கணித்தது. சந்தைக்கு வந்த முதல் தானியங்கிக் குவிப்புக் கேமரா அது. அதற்குள் இருந்த ஹனிவெல் நிறுவனத்தின் ‘விசிட்ரானிக்’ உறுப்பு, இரண்டு சாளரங்களின் வழியே வரும் இரண்டு பிம்பங்களை ஒப்பிட்டுப் பார்த்தே தொலைவை அறிந்தது. அடிப்படையில் அதுவும் ரேஞ்ச்ஃபைண்டரே. பார்த்துப் பொருத்தும் கண் மட்டும் மனிதருடையதாக இருக்கவில்லை. 1961இல் ஒளியளவில் தொடங்கிய கைமாற்றம் அவ்வாறு நிறைவுற்றது. 1980களின் தொடக்கத்துக்குள் இவ்வகைக் கேமராக்களின் தயாரிப்பு பெரும்பாலும் ஓய்ந்தது.

அதன்பின் காலம் தன் சோதனையை நடத்தியது. பல மாதிரிகள் 1.35 வோல்ட் பாதரச மின்கலத்தை நம்பியிருந்தன; தீரும்வரை மின்னழுத்தம் மாறாமல் இருப்பது அதன் சிறப்பு. பாதரசம் நீரிலும் மீனிலும் சேர்ந்தால் என்னாகும் என்பதை 1956இல் வெளிப்பட்ட மினமாட்டா நோயின் மூலம் உலகுக்குக் காட்டியதும் ஜப்பான்தான். அமெரிக்கா 1996இல் சட்டமியற்றி அம்மின்கலத்தைத் தடுத்தது. பிற நாடுகளும் அவ்வழியே சென்றன. இன்று இடப்படும் 1.5 வோல்ட் மின்கலம் சில ஒளிமானிகளைத் தவறாகக் கணிக்கவைக்கிறது. செவித்துணைக் கருவிக்கான துத்தநாக-காற்று மின்கலமே அவற்றுக்கு நெருங்கிய மாற்று. 5.6 வோல்ட் கலத்தில் இயங்கிய எலக்ட்ரோ 35, தக்க இணைப்பானோடு 6 வோல்ட்டை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதன் உள்ளிருக்கும் ஒரு சிறு இரப்பர் திண்டு நைந்துபோனால் ஒளியளவு முறையே குலைகிறது. செலினியம் கலங்கள் பல உணர்வற்றுப்போயின. ஒளி கசியாமல் காத்த பஞ்சு எல்லாவற்றிலும் பிசுபிசுத்துப் பொடியாகிறது.

இச்சோதனையில் விந்தையான ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்தது. 1966இல் மிக முன்னேறியதாகத் தோன்றியது, மனிதரை மிகக் குறைவாக நாடிய கேமரா. இன்று அதன் மின்சுற்று பழுதுற்றால் சீராக்குவோர் அரிது. இயந்திரம் தோற்றபின்னும் மனிதர் கையால் இயக்க வழிவிட்டிருந்த கேமராக்களே ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் முழுப்பயன் தருகின்றன.

எனவே விருப்பமான ஒன்றைத் தேர்வதற்கு மூன்று அளவுகோல்களை முன்வைக்கலாம். இயந்திரம் நன்றாக முடிவெடுக்கிறதா? எடுத்த முடிவை மனிதருக்குச் சொல்கிறதா? அம்முடிவை மறுக்க மனிதருக்கு வழி வைத்திருக்கிறதா? எலக்ட்ரோ 35 மிக நன்றாக முடிவெடுக்கிறது. சொல்வது குறைவு, மறுக்க விடுவது அதனினும் குறைவு. கோனிகா சி35 தன் முடிவைச் சாளரத்துள் முள்ளசைவால் காட்டுகிறது, மறுக்க விடுவதில்லை. கேனானெட் ஜி-3 மறுக்க விடுகிறது. சாளரத்தினுள் ஒளித்துளையைக் காட்டுகிறது, ஷட்டர் வேகத்தை அறியக் கண்ணை எடுக்கவேண்டும்.

மூன்றையும் நிறைவுசெய்வது பலரும் முதலில் எண்ணாத ஒரு கேமரா: 1970இல் வெளிவந்த ‘ஒலிம்பஸ் 35 ஆர்.சி.’ மனிதர் ஷட்டர் வேகத்தைத் தேர்கிறார். இயந்திரம் ஒளித்துளையைத் தேர்கிறது. இரண்டும் சாளரத்துக்குள் ஒருங்கே தெரிகின்றன. ஒளி போதாவிடில் தானியங்கி முறையில் பொத்தான் அழுந்த மறுக்கிறது. வேண்டுமெனில் ஒளித்துளை, வேகம் இரண்டையும் கையால் அமைக்கலாம். மின்கலமின்றியும் ஷட்டர் இயங்கும். எடை ஏறத்தாழ 410 கிராம்.

அதன் குறைகளையும் மறைக்கலாகாது. லென்ஸ் எஃப் 2.8 மட்டுமே, எஃப் 1.7 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு ஒளியை உள்ளே விடும். விளக்கொளியில் வீட்டுக்குள் படமெடுப்பவருக்குக் கேனானெட்டே ஏற்றது. வினாடியில் 15இல் ஒரு பங்குக்கு மெதுவான வேகங்களும் ஆர்.சி.யில் இல்லை, இரவுத் தெருவை நாடுவோர் எலக்ட்ரோவைத் தேர்வதே முறை. ஆயினும் பெரும்பாலான படங்கள் பகலொளியில் எடுக்கப்படுபவை. மேலும், ஒளித்துளையும் வேகமும் ஒன்றையொன்று சார்ந்து எவ்வாறு மாறுகின்றன என்பதை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கண்முன் காட்டும் கருவி, பயன்படுத்துபவரை மெல்ல மெல்லத் தேர்ச்சியுடையவராக்குகிறது. சில சுருள்களுக்குப் பின் முள் நிற்கப்போகும் இடத்தை அவர் முன்கூட்டியே சொல்லக்கூடியவராகிறார். அந்நாளில் ஒளிமானி பழுதடைந்தாலும் அவருக்கு இழப்பு பெரிதில்லை.

தானாக முடிவெடுக்கும் கருவிகள் இன்று கேமராவோடு நின்றுவிடவில்லை. அவற்றுள் பல, தாம் எதை முடிவுசெய்தன என்பதைச் சொல்வதில்லை; மறுப்பதற்கான இடத்தையும் வைப்பதில்லை. எளிமை வேண்டுமெனில் அறியாமையை ஏற்கவேண்டும் என்பது பொதுவான எண்ணமாகிவிட்டது. 1970இல் சட்டைப் பைக்குச் சற்றே பெரிதான ஒரு கேமரா எளிமையாகவும் இருந்தது, தன் கணக்கைத் திறந்தும் காட்டியது. பழைய பொருள் கடையில் அதைக் கையிலெடுப்பவர் முதலில் பின்மூடியைத் திறந்து பஞ்சைப் பார்க்கட்டும்; பிறகு ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை இயக்கிக் காது கொடுக்கட்டும்; கடைசியாகச் சாளரத்தினுள் இரண்டு பிம்பங்களும் ஒன்றுபடுகின்றனவா என்று சோதிக்கட்டும். அம்மூன்றும் சரியாக இருந்தால், மின்கலம் இல்லாமலேயே அது அன்று மாலை முதல் படமெடுக்கத் தயார்.